பப்பெட்ல பர்ஜ்: கோட்ல இல்லாததை சர்வர்ல இருந்து எதையும் உடைக்காம எடுக்கிறது எப்படி – முழுமையான வழிகாட்டி

பப்பெட்ங்கறது சர்வர் எப்படி இருக்கணும்னு கோட்ல எழுதி வச்சா அதை அப்படியே செட் பண்ணி வைக்கிற டூல். அந்த கோட் ஃபைல்ல (மேனிஃபெஸ்ட்) இருந்து ஒரு க்ரான் ஜாபை (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற வேலை) எடுத்தாச்சு, கமிட் பண்ணியாச்சு, சர்வர்ல இருக்கிற பப்பெட் ஏஜென்ட்டும் ஓடி முடிச்சு பச்சை காட்டுது, ஆனா அந்த ஜாப் மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு டான்னு ஓடிக்கிட்டே இருக்கு. பப்பெட்டுக்கு புதுசா வர்றவங்க நிறைய பேர் இதை பக்னு நெனச்சு மண்டைய பிச்சுக்குவாங்க. பக் இல்லங்க, அது டிசைனே அப்படித்தான். கேட்டலாக்ல, அதாவது உங்க கோட்ல இருந்து அந்த மெஷினுக்குன்னு உருவாகுற பட்டியல்ல, எழுதியிருக்கிறதை மட்டும்தான் பப்பெட் பாக்கும், எழுதாததை பத்தி அதுக்கு ஒரு கருத்தும் கிடையாது, நேத்து அதே கையால போட்ட ஐட்டமா இருந்தாலும் சரி. டெராஃபார்ம்னு இன்னொரு டூல்ல, தான் உருவாக்குனதை குறிச்சு வைக்கிற ஸ்டேட் ஃபைல்னு ஒண்ணு இருக்கு, அதனால கோட்ல இருந்து எடுத்தா அதை அழிக்கணும்னு அதுக்கு தெரியும். பப்பெட்டுக்கு அந்த மாதிரி ஞாபகமே கிடையாது.

இப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடுனா சர்வர்ல என்னென்ன சேரும்னு யோசிச்சு பாருங்க. வேலைய விட்டு போனவரோட எஸ்எஸ்ஹெச் கீ (லாகின் சாவி), எவனோ அவசரத்துக்கு கையால போட்ட சூடோ ஃபைல் (அட்மின் அதிகாரம் கொடுக்கிறது), எந்த டீமுக்கும் சொந்தமில்லாத க்ரான், ஒரு காலத்துல டெஸ்ட்டுக்கு திறந்து விட்ட போர்ட். இதையெல்லாம் அள்ளி கொட்டுறதுக்குத்தான் பர்ஜ், அதாவது கோட்ல இல்லாததை பப்பெட்டே அழிக்கிற வசதி. ஆனா நல்லா கவனிங்க, “கோட்ல இல்ல”ங்கறதும் “தேவையில்ல”ங்கறதும் ஒண்ணு இல்ல. கல்யாண மண்டபத்துல அழைப்பு லிஸ்ட்டுல பேர் இல்லாதவங்க எல்லாரையும் வெளிய அனுப்புனா முதல்ல வெளிய போறது சமையல்காரர்தான். பர்ஜ் போட்டு சர்வர் படுத்த கதைகள் பெரும்பாலும் இந்த வகைதான், அதனால இந்த வழிகாட்டில பாதிக்கு மேல பர்ஜை ஆன் பண்றதுக்கு முன்னாடி செய்ற வேலையை பத்தித்தான்.

முதல்ல: பர்ஜ் தேவையா, ஆப்சென்ட் போதுமா

ஒரே ஒரு ஐட்டத்தை எடுக்கணும், அதோட பேர் உங்களுக்கு தெரியும்னா பர்ஜ் பக்கமே போக வேண்டாம். ரிசோர்ஸை (கோட்ல எழுதுற ஒவ்வொரு ஐட்டத்துக்கும் அதான் பேர்) அழிக்காம, அதுல இருக்கிற என்ஷூரை ஆப்சென்ட்னு, அதாவது இருக்கக் கூடாதுன்னு, மாத்தி விடுங்க, எல்லா மெஷின்லயும் ஓடி முடிச்சதுக்கு அப்புறம் அந்த வரியை எடுத்துடுங்க. “எல்லா மெஷின்லயும்”ங்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது. ஏஜென்ட் டீஃபால்ட்டா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும், சரி, ஆனா ஆஃப்ல கிடக்கிற ஸ்டான்ட்பை சர்வர், ஏஜென்ட்டை டிஸேபிள் பண்ணி மறந்து போன மெஷின், முக்கியமா பழைய இமேஜ் (புது மெஷினை உருவாக்குற ரெடிமேட் காப்பி) – ஆட்டோ ஸ்கேலிங் நாளைக்கு அதே இமேஜ்ல இருந்து புது மெஷினை கிளப்பும்போது நீங்க எடுத்ததா நெனச்சது திரும்ப உயிரோட வந்து நிக்கும். அதனால இமேஜை திரும்ப பில்ட் பண்ற வரைக்கும் அந்த ஆப்சென்ட் வரி கோட்ல இருக்கட்டும்.

பேர் தெரியாத, இனிமே யார் வந்து போட்டாலும் நிக்கக் கூடாத விஷயங்களுக்குத்தான் பர்ஜ். கீ, சூடோ, க்ரான், யூசர், ஃபயர்வால் இதெல்லாம் அந்த வகை.

ரெண்டாவது: இப்ப என்ன இருக்குன்னு பட்டியல் எடுங்க

கமாண்ட் லைன்ல “பப்பெட் ரிசோர்ஸ்”னு அடிச்சு பக்கத்துல டைப் பேரை, அதாவது ஐட்டத்தோட வகையை, போட்டீங்கன்னா, அந்த மெஷின்ல அந்த டைப்ல இருக்கிற மொத்தத்தையும் பப்பெட் கோட் வடிவத்துலயே கொட்டிடும். யூசர், க்ரான், ஹோஸ்ட், யம்ரெப்போ (ரெட்ஹேட் வகை சர்வர்ல பேக்கேஜ் எங்க இருந்து வரணும்ங்கற செட்டிங்) எல்லாத்துக்கும் வேலை செய்யும். இதை ரூட்டா ஓட்டுங்க, இல்லன்னா பாதிதான் தெரியும். பட்டியலை கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க, இது யாரோடது, வேணுமா வேண்டாமா. வேணும்னா கோட்ல எழுதுங்க. சலிப்பான வேலைதான், ஆனா இதுதான் வேலையே, மத்ததெல்லாம் ரெண்டு வரி கோட்.

க்ரான் பட்டியல்ல ஒரு விஷயத்தை கவனிங்க. பப்பெட் போட்ட ஒவ்வொரு ஜாபுக்கும் மேல “பப்பெட் நேம்”னு ஆரம்பிக்கிற ஒரு கமெண்ட் வரி இருக்கும், அதை வச்சுத்தான் அது தன்னோடதை அடையாளம் கண்டுக்கும். அந்த கமெண்ட் இல்லாத கையால எழுதுன வரிகளுக்கு “அன்மேனேஜ்ட்”னு தொடங்கி கமாண்டையே ஒட்டி ஒரு பேரை அதுவா வச்சு காட்டும். உங்க குப்பையும் அங்கதான் இருக்கு, கோட்ல எழுத மறந்த முக்கியமான பேக்கப் ஜாபும் அங்கதான் இருக்கு. இன்னொண்ணு, யாராவது க்ரான்டேபை (ஒரு யூசரோட க்ரான் ஜாப்கள் இருக்கிற ஃபைல்) எடிட் பண்ணும்போது அசிங்கமா இருக்குன்னு அந்த கமெண்ட் வரியை அழிச்சிருந்தா, பப்பெட்டுக்கு அது தன்னோட ஜாப்னு தெரியாம போய் அதே ஜாபை ரெண்டாவதா எழுதிட வாய்ப்பு இருக்கு. ரெட்டை ரெட்டையா ஓடுற ஜாப் இருந்தா காரணம் இதுவா இருக்கலாம்.

மூணாவது: நோஆப்ல (எதையும் மாத்தாம, என்ன மாறும்னு காட்ட மட்டும் செய்ற முறை) விட்டு பாருங்க, ஆனா இந்த ஒரு பொறியில மாட்டிக்காதீங்க

பர்ஜ் எழுதுற முறை சிம்பிள். “ரிசோர்சஸ்”னு ஒரு டைப் இருக்கு, அதுக்கு டைட்டிலா எந்த டைப்பை சுத்தம் பண்ணணுமோ அந்த பேர், உள்ள பர்ஜ் ட்ரூ. அவ்வளவுதான். ரன் ஓடும்போது மெஷின்ல இருக்கிற எல்லாத்தையும் பட்டியல் எடுத்து, கேட்டலாக்ல இல்லாத ஒவ்வொண்ணுக்கும் ஆப்சென்ட்னு ஒரு ரிசோர்ஸை அதுவா உருவாக்கிக்கும். எந்த டைப்போட ப்ரொவைடர் (அந்த டைப்பை மெஷின்ல நிஜமா கையாளுற பகுதி) தன் பட்டியலை எடுக்க முடியுமோ அந்த டைப்புக்கு மட்டும்தான் இது நடக்கும், ஃபைலுக்கு இந்த வழி ஆகாது, அதுக்கு வேற வழி கீழ வருது.

இதே ரிசோர்சஸ் பிளாக்ல நோஆப் ட்ரூன்னு சேர்த்துட்டா அது உருவாக்குற குட்டி ரிசோர்ஸ்களுக்கும் அந்த நோஆப் இறங்கிடும். மத்த கோட் எல்லாம் நார்மலா ஓடும், பர்ஜ் மட்டும் “இப்ப ப்ரெசென்ட், இருக்க வேண்டியது ஆப்சென்ட், நோஆப்”னு ரிப்போர்ட்ல எழுதிட்டு கை வைக்காம போயிடும். முழு ஏஜென்ட்டையும் நோஆப்ல ஓட்டுறதை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா ஒரு வாரம் ரெண்டு வாரம் ப்ரொடக்ஷன்லயே இதை விட்டு வச்சு எல்லா மெஷின்லயும் என்னென்ன சிக்குதுன்னு நிதானமா சேகரிக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் எட்டி பாக்குற ஐட்டங்கள் இருக்கும், ஒரே ஒரு ரன் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

பொறி எங்கன்னா: நிறைய பேர் இதை ஹைராவுல (கோட்டுக்கு வெளிய டேட்டாவை வைக்கிற பப்பெட் வசதி) ஒரு ஸ்விட்ச்சா வச்சு, நோஆப்புக்கு ட்ரூ அல்லது ஃபால்ஸ் வர்ற மாதிரி எழுதுவாங்க. பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா ரிசோர்ஸ்ல வெளிப்படையா நோஆப் ஃபால்ஸ்னு எழுதியிருந்தா, கமாண்ட் லைன்ல நீங்க நோஆப் கொடுத்து ஓட்டுனாலும் அந்த ரிசோர்ஸ் அதை மதிக்காது, நிஜமாவே ஓடிடும். ரிசோர்ஸ்ல எழுதுனதுக்குத்தான் முதல் மரியாதை. சும்மா டெஸ்ட் பண்ணி பாப்போம்னு நோஆப்ல ஓட்டுன ஆளோட மெஷின்ல யூசர் எல்லாம் காணாம போகும். அதனால ஸ்விட்ச் ஆஃப் நிலைமைல ஃபால்ஸ் வரக் கூடாது, அன்டெஃப் (மதிப்பே கொடுக்காதது) வரணும்.

நாலாவது: ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிங்க

ஃபைலுக்கு பர்ஜ் ஃபோல்டர் மேலதான் போடணும். ஃபைல் ரிசோர்ஸா அந்த டைரக்டரியை எழுதி ரீகர்ஸ் ட்ரூ, பர்ஜ் ட்ரூ. உள்ள சப் ஃபோல்டரும் போகணும்னா ஃபோர்ஸ் ட்ரூ, அது இல்லன்னா டைரக்டரியை எடுக்க மாட்டேன்னு ஒரு மெசேஜை போட்டுட்டு விட்டுடும். விட்டு வைக்க வேண்டிய ஃபைல் பேர் பேட்டர்ன்களை இக்னோர்ல கொடுக்கலாம்.

பப்பெட் 7-ல இருந்து ஃபைல் பேக்கப் டீஃபால்ட்டா ஆஃப். அதுக்கு முன்னாடி அழிச்ச ஃபைல் எல்லாம் ஃபைல்பக்கெட்டுக்குள்ள ஒரு காப்பி இருக்கும், எடுத்துக்கலாம். அந்த பழைய நெனப்புல இப்பவும் தைரியமா அழிச்சா திரும்ப வராது. பர்ஜ் போடுற ஃபோல்டருக்கு மட்டுமாவது பேக்கப்பை நீங்களே எழுதி ஆன் பண்ணிக்கோங்க.

ஃபோல்டர் பர்ஜ் பாக்குறது ஃபைல் ரிசோர்ஸை மட்டும்தான். வேற டைப் எழுதுன ஃபைலை அதுக்கு தெரியாது. யம் ரெப்போ ஃபோல்டருக்கு பர்ஜ் போட்டு, ரெப்போக்களை யம்ரெப்போ டைப்ல எழுதியிருந்தீங்கன்னா, ஒரு பக்கம் ஃபைலை அழிக்கும், இன்னொரு பக்கம் திரும்ப எழுதும், அடுத்த ரன்லயும் அதே கூத்து. தீர்வு, ஒவ்வொரு யம்ரெப்போவுக்கும் அதே பாத்ல கன்டென்ட் எதுவும் கொடுக்காம ஒரு ஃபைல் ரிசோர்ஸை கூட எழுதுங்க, அப்ப பர்ஜ் தொடாது.

அடுத்த தலைவலி பேக்கேஜ் கொண்டு வந்து போடுற ஃபைல்கள். பப்பெட்லாப்ஸோட அப்பாச்சி மாடியூல்ல (அப்பாச்சி வெப் சர்வருக்கான ரெடிமேட் பப்பெட் கோட்) பர்ஜ் டீஃபால்ட்டாவே ஆன். ரெட்ஹேட் வகை சர்வர்கள்ல வெல்கம் கான்ஃப்னு ஒரு ஃபைல் வரும், அதை அழிச்சா அப்கிரேட்ல திரும்ப வந்துடும்னு அந்த ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. அப்ப பேட்ச் பண்ற ஒவ்வொரு தடவையும் அது திரும்ப வரும், பப்பெட் அழிக்கும், அழிச்சதும் அப்பாச்சி ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும். இந்த மாதிரி ஃபைலை அழிக்காம, காலி கன்டென்ட்டோட நீங்களே மேனேஜ் பண்ணுங்க. டெபியன், உபுண்டுல கதை நேர் எதிர். கான்ஃப் ஃபைலை அழிச்சா அட்மின் வேணும்னே அழிச்சிருக்கார்னு டிபிகேஜி (அங்க பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்) மரியாதையா விட்டுடும், பேக்கேஜை ரீஇன்ஸ்டால் பண்ணாலும் வராது, ஃபோர்ஸ் கான்ஃப்மிஸ்னு ஆப்ஷன் கொடுத்தாத்தான் வரும்.

சென்ட்ஓஎஸ் 7-ல க்ரான்.டி ஃபோல்டருக்கு (சிஸ்டம் க்ரான் ஃபைல்கள் இருக்கிற இடம்) பர்ஜ் போடுறதா இருந்தா இதை படிச்சுட்டு போடுங்க. உள்ள 0ஹவர்லின்னு ஒரு சின்ன ஃபைல், யாரும் சீண்ட மாட்டாங்க, கோட்லயும் எழுதியிருக்க மாட்டாங்க. க்ரான் ஹவர்லி ஃபோல்டரை மணிக்கொரு தடவை ஓட்டுறது அதுதான், அந்த ஹவர்லிக்குள்ள இருந்துதான் அனாக்ரான் கிளம்பும், அனாக்ரான்தான் டெய்லி ஜாப்களை ஓட்டும், டெய்லிலதான் பழைய லாக்கை அழிச்சு இடம் பண்ற லாக்ரொட்டேட் இருக்கு. 0ஹவர்லி போச்சுன்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சில வாரம் கழிச்சு டிஸ்க் ஃபுல்னு அலெர்ட் வரும்போது யாருக்கும் பர்ஜ் ஞாபகம் வராது, லாக் அதிகமாயிடுச்சுன்னு டிஸ்க்கை பெருசாக்குவாங்க.

ஐந்தாவது: க்ரான்

ரிசோர்சஸ் வழியா க்ரான் பர்ஜ் போட்டா தொடுறது யூசர்களோட க்ரான்டேபை மட்டும்தான், மேல சொன்ன க்ரான்.டி ஃபோல்டர் இதுல வராது, ரெண்டும் தனித்தனி வேலை. அப்ளிகேஷன் டீம் தங்களோட சர்வீஸ் யூசர்ல போட்டு வச்சிருக்கிற ஜாப்களும் இதுல அடிபடும், அதனால ஆன் பண்றதுக்கு முன்னாடி நோஆப் பட்டியலை அவங்களுக்கு அனுப்பி, இந்த தேதிக்குள்ள கோட்ல வரணும்னு எழுத்துல சொல்லிடுங்க. வாய்ல சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

ஆறாவது: கீ, சூடோ

எஸ்எஸ்ஹெச் கீக்கு யூசர் ரிசோர்ஸ்லயே ஒரு ஆட்ரிபியூட் இருக்கு, பர்ஜ் எஸ்எஸ்ஹெச் கீஸ். ட்ரூ கொடுத்தா அந்த யூசரோட ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைல்ல கோட்ல இல்லாத கீ எல்லாம் போயிடும். பப்பெட் மேனேஜ் பண்ற யூசருக்கு மட்டும்தான் இது, ரூட்டை கோட்ல எழுதாம விட்டிருந்தா ரூட்டோட கீ அப்படியே கிடக்கும், அதனால முதல்ல ரூட்டை எழுதுங்க.

ஓபன்எஸ்எஸ்ஹெச் டீஃபால்ட்டா ஆத்தரைஸ்ட் கீஸ்ங்கற ஃபைலோட சேர்த்து, அதே பேர்ல கடைசில 2 போட்ட இன்னொரு ஃபைலையும் படிக்கும். ட்ரூன்னு கொடுத்தா பர்ஜ் முதல் ஃபைலை மட்டும்தான் பாக்கும். ரெண்டாவது ஃபைல்ல எவனாவது கீ போட்டு வச்சிருந்தா நீங்க சுத்தமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருப்பீங்க. ட்ரூக்கு பதிலா ரெண்டு பாத்தையும் பட்டியலா கொடுங்க, இல்ல எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல ஒரே ஃபைல்தான்னு அடிச்சு எழுதிடுங்க.

சூடோ ஃபோல்டரை சுத்தம் பண்ணும்போது க்ளவுட் மெஷின்ல ஒரு சிக்கல் இருக்கு. க்ளவுட் இனிட் (க்ளவுட் மெஷின் முதல் தடவை கிளம்பும்போது செட்டப் பண்ற டூல்) தன்னோட டீஃபால்ட் யூசருக்கு பாஸ்வேர்ட் இல்லாத சூடோவை 90-ல தொடங்குற ஒரு ஃபைலாத்தான் அங்க போட்டு வைக்கும். அது போச்சுன்னா அந்த யூசர் உள்ள வரலாம், ஆனா ஒண்ணும் பண்ண முடியாது. உங்க சொந்த அட்மின் குரூப்போட சூடோ ரூல் வேலை செய்யுதான்னு வேற ஒரு விண்டோல லாகின் பண்ணி செக் பண்ணிட்டு, திறந்திருக்கிற ரூட் செஷனை மூடாம வச்சுக்கிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. ஃபோர்ஜ்ல (பப்பெட் மாடியூல்கள் கிடைக்கிற தளம்) கிடைக்கிற சில ரெடிமேட் சூடோ மாடியூல்கள் சேர்த்த உடனேயே பர்ஜ் பண்ணிடும், ரீட்மீல எச்சரிக்கை போட்டிருப்பாங்க, படிங்க.

ஏழாவது: யூசர்

இங்கதான் கை நடுங்கணும். ரிசோர்சஸ்ல யூசருக்கு பர்ஜ் போடும்போது கூடவே அன்லெஸ் சிஸ்டம் யூசர் ட்ரூன்னு கண்டிப்பா எழுதுங்க, அப்ப சாதாரண யூசர்களுக்கு சிஸ்டம் வச்சிருக்கிற குறைஞ்சபட்ச யூஐடிக்கு (யூசர் நம்பர்) கீழ இருக்கிறவங்களை தொடாது, இப்ப பெரும்பாலான டிஸ்ட்ரோல அது 1000. ரூட், நோபடி மாதிரி சில பேரை அது பேர் வச்சே காப்பாத்தும். ஆனா சென்ட்ஓஎஸ் 7-ல என்எஃப்எஸ்நோபடின்னு ஒரு யூசர், யூஐடி 65534, பேர் அந்த லிஸ்ட்ல இல்ல, நம்பரும் 1000-க்கு மேல, அப்ப அது சாதாரண மனுஷ யூசர்னு நெனச்சு தூக்கிடும். இதுக்குத்தான் அன்லெஸ் யூஐடின்னு தனியா ஒண்ணு இருக்கு, விட்டு வைக்க வேண்டிய நம்பர்களை அதுல கொடுங்க.

பர்ஜ்ல போற யூசரோட ஹோம் ஃபோல்டர் போகாது. நல்லதுதான், ஆனா அந்த ஃபைல்களுக்கு ஓனர் பேர் போய் வெறும் நம்பர் மட்டும் நிக்கும், நாளைக்கு அதே யூஐடி வேற ஒருத்தருக்கு விழுந்தா பழைய ஆளோட ஃபைல் எல்லாம் புது ஆளுக்கு சொந்தமாயிடும். யூஐடியை கோட்லயே ஃபிக்ஸ் பண்ணி, ஒரு தடவை கொடுத்த நம்பரை திரும்ப யாருக்கும் கொடுக்காம இருக்கிறதுதான் ஒழுங்கான வழி. ஓனர் இல்லாத ஃபைலை தேட ஃபைண்ட் கமாண்ட்ல நோயூசர்னு ஆப்ஷன் இருக்கு. அந்த யூசர் பேர்ல ஏதாவது ப்ராசஸ் ஓடிக்கிட்டு இருந்தா யூசர்டெல் முடியாதுன்னு சொல்லிடும், ஒவ்வொரு ரன்லயும் சிவப்பு எரர் வரும். அந்த ப்ராசஸ் எதுக்கு ஓடுதுன்னு பாத்துட்டு கில் பண்ணுங்க, கில் பண்ணிட்டு பாக்காதீங்க.

உண்மையான பெரிய ஆபத்து இதெல்லாம் கூட இல்ல. யூசர் லிஸ்ட் ஹைராவுல இருக்கு, கோட்ல லுக்அப் பண்ணும்போது கெடைக்கலன்னா காலி ஹேஷ்னு (ஒண்ணுமே இல்லாத பட்டியல் மாதிரி) ஒரு டீஃபால்ட் கொடுத்து வச்சிருக்கீங்க. ஒரு நாள் யாரோ ஹைரா ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்துறாங்க, இல்ல கீ பேர்ல ஒரு எழுத்து மாறுது. கேட்டலாக் எந்த எரரும் இல்லாம கம்பைல் ஆகும், யூசர் ஒருத்தர் கூட இல்லாம. அடுத்த அரை மணி நேரத்துக்குள்ள எல்லா சர்வர்லயும் எல்லா யூசரும் காலி. அதனால பர்ஜ் சம்பந்தப்பட்ட எந்த டேட்டாவுக்கும் காலி டீஃபால்ட் வைக்காதீங்க, கெடைக்கலன்னா கம்பைல் ஃபெயில் ஆகட்டும். ஃபெயில் ஆனா ஏஜென்ட் பழைய கேட்டலாக்கை வச்சு ஓட்டிக்கும், ஒண்ணும் கெட்டு போகாது. க்ளாஸ் பாராமீட்டர்ல ஹேஷ் டைப்புக்கு குறைஞ்சபட்ச அளவு கொடுக்க முடியும், அதுல 1 போடுங்க, உங்க டீம் பெருசுன்னா 5 போடுங்க.

எட்டாவது: ஃபயர்வால்

டாக்கர் (கன்டெய்னர் ஓட்டுற டூல்) ஓடுற மெஷின்ல ஃபயர்வால் டைப்புக்கு மொத்தமா பர்ஜ் போடவே போடாதீங்க. டாக்கர் எழுதுன நாட் (NAT) நெட்வொர்க் ரூல் எல்லாம் போயிடும், கன்டெய்னர் வெளிய பேச முடியாது, டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் திரும்ப வரும். ஃபெயில்2பேன் (திரும்ப திரும்ப தப்பா லாகின் பண்ற ஐபியை தடுக்கிற டூல்) போட்ட தடைகளும் போயிடும். அந்த மெஷின்கள்ல ஃபயர்வால்செயின்னு இருக்கிற டைப்பை எடுத்து, எந்த செயினை சுத்தம் பண்ணணுமோ அதுக்கு மட்டும் பர்ஜ் போட்டு, டாக்கர் ரூல்களுக்கு இக்னோர்ல பேட்டர்ன் கொடுங்க. டாக்கர் இல்லாத மெஷின்லயும் எஸ்டாப்ளிஷ்ட் கனெக்ஷனையும் எஸ்எஸ்ஹெச்சையும் அனுமதிக்கிற ரூல் முதல்ல, எல்லாத்தையும் ட்ராப் பண்ற ரூல் கடைசில வர்ற மாதிரி டிபென்டன்சியை எழுதணும். முதல் தடவை ஓட்டும்போது இப்ப இருக்கிற ரூல்களை ஐபிடேபிள்ஸ் சேவ்ல எடுத்து வச்சுட்டு, பத்து நிமிஷம் கழிச்சு அதை ரீஸ்டோர் பண்ற மாதிரி ஆட் (at) கமாண்ட்ல ஒரு ஜாப் போடுங்க. எல்லாம் சரியா இருந்தா ஜாபை கேன்சல் பண்ணலாம், லாக் ஆயிட்டா பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வரலாம்.

பேக்கேஜ்

ரிசோர்சஸ்ல பேக்கேஜுக்கும் பர்ஜ் போட முடியுமான்னா டெக்னிக்கலா முடியும். போடாதீங்க. நீங்க கோட்ல எழுதியிருக்கிறது நாப்பது பேக்கேஜ் இருக்கும், மெஷின்ல இருக்கிறது நூத்துக்கணக்குல, அதுல லினக்ஸோட அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சில இருந்து எல்லாம் டிபென்டன்சியா வந்தது. அது பேரு க்ளீனிங் இல்ல. பேக்கேஜ் சுத்தமா வேணும்னா புது இமேஜ் பில்ட் பண்ணி மெஷினை மாத்துங்க.

ஆன் பண்ண பிறகு

ஸ்டேஜிங், அப்புறம் ப்ரொடக்ஷன்ல முக்கியமில்லாத ஒரு மெஷின், ரெண்டு நாள் கழிச்சு மத்தது. ஒரே நாள்ல ரெண்டு டைப்பை ஆன் பண்ணாதீங்க, எது உடைச்சதுன்னு தெரியாது. ரிப்போர்ட்ல ஒரே ஐட்டம் ஒவ்வொரு ரன்லயும் பர்ஜ் ஆகிக்கிட்டே இருந்தா யாரோ திரும்ப திரும்ப எழுதுறாங்கன்னு அர்த்தம். ஆளா இருக்கலாம், மேல சொன்ன யம்ரெப்போ மாதிரி உங்க கோடாவே இருக்கலாம், க்ளவுட் இனிட்டா இருக்கலாம். பர்ஜை தளர்த்துறதுக்கு முன்னாடி அது யாருன்னு கண்டுபிடிங்க.

ஆன்கால் டீமுக்கு ஒண்ணு சொல்லி வைக்கணும். ராத்திரி அவசரத்துக்கு கையால போடுற எந்த ஃபிக்ஸும் இனிமே அரை மணி நேரம்தான் தாங்கும். அதனால முதல்ல ஏஜென்ட்டை டிஸேபிள் பண்ணுங்க, டிஸேபிள் பண்ணும்போது காரணம் எழுதுற வசதி இருக்கு, அதுல உங்க பேரையும் டிக்கெட் நம்பரையும் போடுங்க. 24 மணி நேரத்துக்கு மேல ரிப்போர்ட் வராத மெஷினுக்கு ஒரு அலெர்ட் வச்சுக்கோங்க, இல்லன்னா டிஸேபிள் பண்ண மெஷின் எல்லாம் மாசக்கணக்குல அப்படியே கிடந்து, ஒரு நாள் யாராவது இனேபிள் பண்ணும்போது அத்தனை நாள் சேர்ந்த மாற்றமும் பர்ஜும் ஒரே ரன்ல இறங்கும். அந்த மாதிரி மெஷினை இனேபிள் பண்ணா முதல் ரன் கண்டிப்பா நோஆப்ல இருக்கட்டும்.